திரைக்குப் பின்னால் ஏழாம் எண்

எங்கள் சபையின் இளம் கலைஞர் போட்டியில் திரை கட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். ஆண்டு 1992. அதற்கு முந்தைய வருடம் முதல் பரிசு வாங்கிய பையன் சபைச் செயலாளரின் மருமகன் என்று செங்கல்பட்டு முழுக்கப் பேச்சு. பையன் நன்றாகத்தான் வாசித்தான். ஆனால் பேச்சு எழுந்துவிட்ட பிறகு அதை யாரிடம் போய் நிரூபிப்பது? நான் நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து சிரஸ்தார் என்ற தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன். சந்தேகம் வந்த பிறகு பதில் சொல்வதைவிட, சந்தேகம் வராதபடி வேலையைச் செய்வதே மரியாதை என்பது என் எண்ணம். அந்த வருடமே விதிகளை என் கையால் எழுதினேன். பன்னிரண்டு விதிகள்.

போட்டியாளர் சீட்டு எடுத்து எண் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக மேடைக்கு வர வேண்டும். நடுவர்களுக்கும் மேடைக்கும் இடையில் கனமான நீலத் திரை. உள்ளே இருப்பவர் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசக் கூடாது. வளையல், கொலுசு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஒரு வருடம் ஒரு தாயார் தன் மகள் வாசிக்கும்போது மூன்று முறை இருமி அடையாளம் காட்டினார் என்று தெரிந்ததும், பெற்றோரை மண்டபத்தின் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். முடிவை எண்ணைச் சொல்லித்தான் அறிவிப்போம். அதன் பிறகுதான் திரை விலகும். அந்த எண்ணை வைத்திருப்பவர் முன்னால் வருவார். யார் ஜெயித்தார் என்பது நடுவர்களுக்கும் அப்போதுதான் தெரியும்.

என் குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தகப்பனார் வயலின் வித்வான். அவருடைய வில்லுக்குத் தனி மரியாதை இருந்தது. பைரவி ராகத்தில் மேல் ஷட்ஜத்திலிருந்து கீழ் ஷட்ஜம் வரை அவர் இறங்குவார். எல்லோரும் பாதி வழியில், பஞ்சமத்தில், அடுத்த தந்திக்கு மாறிவிடுவார்கள், அதுதான் சுலபம். அவர் மாற மாட்டார். ஒரே தந்தியில், ஒரே வில் இழுப்பில், விரலை வழுக்கவிட்டுக்கொண்டே முழு தூரமும் வருவார். பஞ்சமம் வரும்போது மட்டும் வில்லின் அழுத்தத்தைக் குறைப்பார். ஒலி நிற்காது, ஆனால் யாரோ மூச்சு வாங்கியது போல இருக்கும். அதை அவர் எனக்கும் என் தங்கை பார்வதத்துக்கும் மட்டுமே சொல்லிக்கொடுத்தார். வெளியாருக்குத் தரக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் வில்லை வைத்துவிட்டு உத்தியோகத்துக்குப் போனேன். காது மட்டும் என்னிடம் மிஞ்சியது. பார்வதம் கல்யாணமாகி, கணவரின் வேலை காரணமாகக் கல்பாக்கம் அருகே அணுபுரம் குடியிருப்புக்குப் போய், அங்கே வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்துவந்தாள்.

2001-ஆம் ஆண்டுப் போட்டி மற்ற வருடங்களைப் போன்றதல்ல. சென்னையிலிருந்து நடுவராக வர ஒப்புக்கொண்ட வயலின் விதுஷி சியாமளா அம்மாள், முதல் பரிசு பெறுபவரைத் தன் சிஷ்யையாக ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் எழுதியிருந்தார். அவர் அதுவரை நான்கே பேரைத்தான் அப்படி ஏற்றவர். அவர் வீட்டில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு எந்த மேடையும் கதவு திறக்கும்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு பார்வதம் இரண்டு விண்ணப்பங்களோடு வீட்டுக்கு வந்தாள். ஒன்று அவள் மகள் சஹானாவுடையது. பதினேழு வயது. மற்றொன்று பவானி என்ற பெண்ணுடையது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் பிடிக்கும் மாயவனின் மகள். தாயார் ஆதியம்மாள் அணுபுரத்துக்குள் கூடையோடு வந்து மீன் விற்பவள். கூட வந்த குழந்தை, பார்வதத்தின் வாசலில் வகுப்பு முடியும்வரை நகராமல் நின்றதில்தான் எல்லாம் ஆரம்பமானது என்று பார்வதம் முன்பே சொல்லியிருக்கிறாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். வாசித்துக் கேட்டதில்லை.

"அண்ணா, பவானிக்கு இருவது முடியப்போவுது. வயசு வரம்பு அதோட சரி. அடுத்த வருஷம் அவளால எழுத முடியாது. சியாமளா அம்மா கிட்ட போகணும்னா இது ஒண்ணுதான் வழி" என்றாள்.

"இதெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றேன். "திரைக்கு முன்னாடி உட்காரப்போறவன் நான். யாருக்கு என்ன வயசு, யாருக்கு என்ன கஷ்டம்னு என் காதுல விழவே கூடாது."

"சொல்லல. விண்ணப்பத்துல போட்டிருக்கு, படிச்சுக்கோங்க."

"சஹானா வாசிக்கிறான்னா நான் நடுவரா இருக்கறது சரியில்ல."

உடன் நடுவரான மிருதங்க வித்வான் தாமோதரன் அன்று என் வீட்டில்தான் இருந்தார். அவர் சிரித்துவிட்டார். "பாலசுப்ரமணியன், இந்தத் திரைய ஒன்பது வருஷமா ஊருக்கெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருக்கீங்க. இப்ப உங்களுக்கே அதுமேல நம்பிக்க இல்லியா?"

அந்தப் பேச்சு என்னைத் தைத்தது. நடுவராகவே இருந்தேன்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கல்யாண மண்டபத்தில் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை காலை போட்டி. ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம்: ஒரு ராக ஆலாபனை, ஒரு கீர்த்தனை, கொஞ்சம் கற்பனை ஸ்வரம். சியாமளா அம்மாள் நடுவில், தாமோதரன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். ஆளுக்கு ஐம்பது மதிப்பெண். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் மோசஸ் தனி மேஜையில் கூட்டல் வேலைக்கு உட்கார்ந்திருந்தார்.

முதல் மூவரும் படித்ததை ஒப்பித்தார்கள். நான்காம் எண் காம்போதி வாசித்தது. சுத்தமான கை. ஸ்வரங்கள் துப்பாக்கிக் குண்டு போல நேராக வந்து விழுந்தன. தாமோதரன் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் அவசரம்; அது இளமை. நாற்பத்து மூன்று போட்டேன். அது யார் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. எனக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது. திரை தன் வேலையைச் செய்கிறது.

ஏழாம் எண் பைரவி எடுத்தது.

எடுத்த எடுப்பில் ஒன்றும் காட்டவில்லை. கீழ் ஷட்ஜத்தில் வில்லை வைத்து அப்படியே நிறுத்தியது. அரை நிமிடம் ஒரே ஸ்வரம். கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். பிறகு ரிஷபத்துக்கு ஏறியது. காந்தாரத்தைத் தொட்டுவிட்டு வெட்கப்பட்டதுபோல் திரும்பியது. இந்த வயதுப் பிள்ளைகள் எதை முதலில் காட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும், வேகத்தைக் காட்டுவார்கள். இந்தக் கைக்கு எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் தான் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்ததைக் கூப்பிட்டது. தைவதத்தில் ஒரு அசைவு கொடுத்தது. சியாமளா அம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் கண்ணை மூடினேன். என் மனதில் நாற்பத்தேழு என்று விழுந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் நான் யாருக்கும் நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை.

மேல் ஷட்ஜத்தில் ஒரு நீண்ட நிறுத்தம். அங்கிருந்து இறங்க ஆரம்பித்தது. நிஷாதம், தைவதம், பஞ்சமம். தந்தி மாறவில்லை. ஒரே தந்தியின் கனத்த குரல் கீழே கீழே வழுக்கி வந்தது. பஞ்சமத்தில் வில் லேசானது. யாரோ மூச்சு வாங்கினார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா இறந்து இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு அந்த இறக்கத்தை இப்போதுதான் மறுபடி கேட்கிறேன். அடுத்த கணமே இன்னொன்று உறைத்தது. இந்த வில் இழுப்பு எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. என்னிடம் இல்லை, பார்வதத்திடம் இருக்கிறது. அவளிடமிருந்து வாங்கியிருக்கக்கூடியவள் ஒருத்திதான். திரைக்குப் பின்னால் இருப்பது சஹானா.

விதிப்படி நான் அப்போதே எழுந்து, எனக்கு ஆள் தெரிந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. எழுந்தால் எல்லோருக்கும் முன்னால் என் தங்கை மகளைக் காட்டிக்கொடுத்தது போலாகும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நாற்பத்தேழு போட்டு அவள் ஜெயித்தால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? 'திரை கட்டினதே வீட்டுப் பொண்ணுக்குப் பரிசு குடுக்கத்தான்' என்று பேசும். நான்கு தலைமுறையாகக் காத்த குடும்பப் பெயர். பேனாவை எடுத்து நாற்பது என்று எழுதினேன். நேர்மையான காரியம் செய்கிறோம் என்றுதான் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது.

பன்னிரண்டு மணிக்கு மோசஸ் கூட்டிமுடித்து மூவரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

"முதல் பரிசு, எண் நான்கு. நூற்று முப்பத்தொன்று. இரண்டாம் பரிசு, எண் ஏழு. நூற்று முப்பது."

திரையை இழுத்தார்கள். எண் நான்கு என்ற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சஹானா முன்னால் வந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில், ஏழு என்ற அட்டையோடு, பவானி நின்றாள்.

கைத்தட்டல் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். பவானி அழவில்லை. சஹானாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆனால் குலுக்கிய கையை விட மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசி வரிசையில் ஆதியம்மாள் எழுந்து நின்று கேட்டது மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இன்னா நைனா, ரெண்டாவதா? அப்ப மெட்ராஸ் அம்மா கூட்டிக்கினு போவ மாட்டாங்களா?"

"கம்முனு குந்து" என்றார் மாயவன். "ஒரு மார்க்குதான் கம்மி. கேட்டியா இல்லியா? ஒரே மார்க்கு. அதுவே எம்மாம் பெரிசு."

அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று மண்டபத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. என் தங்கை மகள் சியாமளா அம்மாளின் சிஷ்யை ஆகியிருப்பாள். எங்கள் குடும்பப் பெயர் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும். இதையெல்லாம் நான் எண்ணிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். எண்ணிப் பார்த்தேன். எண்ணியதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. எழுந்து மோசஸிடம் போய் மைக்கை வாங்கினேன்.

"ஏழாம் எண்ணுக்கு நான் நாற்பது போட்டேன். அந்த வாசிப்புக்கு நான் போட்டிருக்க வேண்டியது நாற்பத்தேழு. வாசிப்பது என் வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டு குறைத்தேன்."

தாமோதரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இன்னா பண்றீங்க? கையெழுத்து போட்டாச்சு. இனிமே மார்க்க மாத்த முடியாது. நீங்க எழுதின விதிதான்!"

"மாத்தப்போறதில்ல. பதினோராவது விதியைப் படிங்க மோசஸ்."

மோசஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு நடுவர் ஆள் தெரிந்து மதிப்பெண் இட்டார் என்பது தெரியவந்தால், எல்லாப் போட்டியாளருக்கும் அவர் இட்ட மதிப்பெண்கள் அடியோடு நீக்கப்படும். அந்த நடுவரின் பெயர் பாரபட்சம் என்ற காரணத்தோடு சபைக் குறிப்பேட்டில் எழுதப்படும். அவர் மீண்டும் நடுவராக உட்கார மாட்டார்.

அந்த விதியை எழுதியபோது யார் யாரையோ மனதில் வைத்திருந்தேன். என் பெயர் அதில் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"என் மதிப்பெண்ணை எடுத்துட்டுக் கூட்டுங்க" என்றேன்.

கூட்டினார். நான்காம் எண் எண்பத்தெட்டு. ஏழாம் எண் தொண்ணூறு.

சியாமளா அம்மாள் எழுந்து மேடைக்குப் போய் பவானியின் இடது கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளைப் பார்த்தார். காய்த்துப்போன விரல்கள். "அந்த இறக்கத்தை இன்னொரு தடவை வாசி" என்றார். "இந்த தடவை உன் விரலைப் பார்க்கணும்."

பவானி உட்கார்ந்தாள். காலில் வயலினின் தலையை ஊன்றிக்கொண்டு, கேட்டதை மட்டும் வாசித்தாள். திரை இல்லாமல் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. என் தகப்பனார் அந்த இடத்தில் முகத்தைச் சுளிப்பார்; அத்தனை கஷ்டம் அது. இவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கஷ்டம் முழுவதையும் வீட்டிலேயே பட்டு முடித்துவிட்டு வந்திருக்கிறாள். முடிந்ததும் சியாமளா அம்மாள், "வெள்ளிக்கிழமை வந்துடு" என்றார். அவ்வளவுதான்.

"ஐயா, ஒண்ணுமே பிரியல எனக்கு" என்று மாயவன் என்னிடம் வந்தார். "மொதல்ல ரெண்டாவதுன்னீங்கோ, இப்ப மொதலுங்கிறீங்கோ. நாளைக்கு மறுபடி மாத்திப்பீங்களா?"

"மாத்த மாட்டோம்."

"எழுதி குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டது நியாயம். என் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டிய கட்டாயம் அன்று யாருக்கும் இல்லை.

பவானி வந்து வணங்கினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், எந்த எடத்துல கண்டுபுடிச்சீங்க?"

"பஞ்சமத்துல."

அவள் முகம் மலர்ந்தது. "அந்த எடத்துக்கு மட்டும் எனக்கு மூணு வருசம் ஆச்சு சார்."

பார்வதத்தைத் தனியாகக் கூப்பிட்டேன். "அப்பா வெளியே தரக் கூடாதுன்னு சொன்னது உனக்கு ஞாபகம் இல்லியா?"

"இருக்கு. பன்னெண்டு வருஷமா காலைல ஆறு மணிக்கு என் கதவத் தட்டுறா அந்தப் பொண்ணு. மழை, புயல் ஒண்ணும் பாக்கல. உங்க பசங்க ரெண்டு பேருக்கும் நான் சொல்லித்தரேன்னு எத்தனை தடவ கூப்பிட்டேன்? கேளம்பாக்கத்துல கம்ப்யூட்டர் முன்னாடி உட்காந்திருக்காங்க. அப்பா சொத்த நான் பூட்டி வெச்சுட்டுப் போய்ச் சேரணுமா?"

அப்பா அந்த பைரவியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். தாமோதரன், பாரபட்சம் என்ற சொல்லைப் போடாமல் 'நடுவர் விலகினார்' என்று எழுதிவிடலாம் என்றார். விதியில் இருக்கும் சொல்லையே என் கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். எங்கள் குடும்பத்தார் பெயர் ஒரு பொதுப் புத்தகத்தில் அப்படிப் பதிவானது அதுதான் முதல் தடவை.

சஹானா மண்டபத்துப் படிக்கட்டில் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன் பரிசை நான் எடுத்துக் குடுத்துட்டேன்" என்றேன்.

"அது பவானியோடது. நான்தான் அவ வாசிக்கறத தினமும் கேக்கறேனே, எனக்குத் தெரியாதா? எனக்கு அதுக்குக் கோவம் இல்ல, மாமா." இப்போது நிமிர்ந்தாள். "நீங்க கண்டுபுடிச்சுடக் கூடாதுன்னுதான் நான் நம்ம வீட்டு வில் இழுப்பையே தொடல. பைரவிய விட்டுட்டு காம்போதி எடுத்தேன். அப்படியெல்லாம் யோசிச்சு வாசிச்சேன். நீங்க என்னடான்னா, நான்தான்னு நெனச்சதும் ஏழு மார்க்க வெட்டிட்டீங்க. நிஜமாவே அது நானா இருந்திருந்தா? அவ்ளோ நல்லா வாசிச்சதுக்கு எனக்கு நாப்பதா?"

நீதிமன்றத்தில் எத்தனையோ வக்கீல்கள் குறுக்குக் கேள்வி கேட்டுப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

"குடும்பப் பெயருக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னு..."

"நான் நல்லா வாசிச்சா அது குடும்பப் பேர் இல்லியா?"

"தப்புதான்" என்றேன். என் வயதில் என் வாயிலிருந்து அந்தச் சொல்லை வாங்கியவர்கள் குறைவு. "பவானிக்குப் பண்ணது ஒரு தப்பு. உனக்குப் பண்ண நெனச்சது அதைவிடப் பெரிய தப்பு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "சரி, நாலாம் நம்பர் யாருன்னு தெரியாமத்தான போட்டீங்க? எவ்ளோ?"

"நாப்பத்து மூணு."

"பவானிக்கு நாப்பத்தேழு. எனக்கு நாலு கம்மி. நாலு எங்க போச்சு?"

"ரெண்டு மேல் காந்தாரத்துல போச்சு. அங்க நீ நிக்கவே இல்ல, தொட்டுட்டு ஓடிவந்துட்ட. இன்னும் ரெண்டு கற்பனை ஸ்வரத்துல. தாமோதரன் தொடை தட்டறது உனக்குத் திரைக்குப் பின்னாடியும் கேட்டுச்சு. அதுக்காக வாசிச்ச."

அவள் என்னை முறைத்தாள். எனக்கும் பார்வதத்துக்கும் அப்பாவிடமிருந்து வந்த முறைப்பு அது. பிறகு பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தாள். மண்டபத்துக்குள் நாற்காலிகளை மடித்து அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கல்பாக்கம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பார்வதம் வாசலிலிருந்து கத்தினாள். சஹானா அதைக் காதில் வாங்காமல் படிக்கட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, காம்போதியில் அந்த மேல் காந்தாரத்துக்கு நேராக ஏறினாள். இந்த முறை நின்றாள்.

"இப்ப?"

"ரெண்டு திரும்பி வந்துடுச்சு."

"மிச்சம் ரெண்டு?"

"அது இன்னும் அங்கயேதான் இருக்கு."

"இருங்க" என்றாள். வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்துக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தாள்.